நன்கொடையாளர் பெயர்

டித்வா புயல் மழை ஓய்ந்து நாலைந்து நாள் கழித்து எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்குக்கு ஏறிப் போனேன். கரண்டும் இல்லை, போனும் எடுக்கவில்லை, அத்தை வீட்டில் எல்லாரும் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் கிளம்பினேன். கோயில் வளைவு தாண்டியதும் ரோட்டைக் காணோம். ஒக்டோபரில் போட்ட கொங்கிரீட் ரோட்டு, இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பாதி அகலம் பெயர்ந்து கீழே தேயிலைக்குள் கிடந்தது, மீதிப் பாதி அடியில் மண் இல்லாமல் அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நின்றது. குனிந்து அந்த உடைந்த விளிம்பில் கையை வைத்துப் பார்த்தேன். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் ஒன்றாகச் சேர்த்து வைத்தால் எவ்வளவோ அவ்வளவுதான் கனம். சல்லியைத் தேடினாலும் கிடைக்கவில்லை. நகத்தால் சுரண்டினால் நனைந்த பிஸ்கட் மாதிரி பொலபொலவென்று உதிர்ந்தது. பக்கத்தில் நின்ற மேசன் பாஸ் ஒருவர், எங்கள் லயத்துக்காரர்தான், ஒரே வரிசை வீட்டில் குடியிருக்கிறவர், என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "போர்டுல நாலு இஞ்சின்னு போட்டிருந்துச்சு தம்பி" என்றார். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

அந்த மழையில் நல்ல ரோட்டுகளும் போயின. மலையே இறங்கி வந்து ஊரை மூடிய இடங்கள் நுவரெலியாவிலும் பதுளையிலும் கண்டியிலும் எத்தனையோ. அங்கே நாலு அங்குலம் இல்லை, நாற்பது அங்குலம் போட்டிருந்தாலும் நின்றிருக்காது. ஆனால் எங்கள் கோயில் வளைவில் மலை சரியவில்லை. தண்ணீர் ஓடக் கான் வெட்டாமல் ரோட்டைப் போட்டிருந்தார்கள், மேலேயிருந்து வந்த தண்ணீர் போக வழியில்லாமல் கொங்கிரீட்டுக்கு அடியில் புகுந்து மண்ணைக் கரைத்தது, மெல்லிய தட்டு தன் பாரத்தையே தாங்காமல் உடைந்தது. அவ்வளவுதான் நடந்தது. அன்றைக்குக் காய்ச்சலில் கிடந்த ஒரு பிள்ளையை அந்த இடத்தில் நாலு பேர் கைமாற்றிக் கைமாற்றித் தூக்கித்தான் கீழே கொண்டுபோனார்கள்.

அந்த விளிம்பைத் தொட்ட கணத்தில் எனக்கு ஞாபகம் வந்தது ஒரு சீ.ஆர். கொப்பி, ஒரு தேர்தலின் கணக்கை எழுதிய பெரிய நோட்டு. அதை எழுதியவன் நான். ஏழு மாதமாக அது மனதுக்குள் அரித்துக்கொண்டேதான் இருந்தது, "சரி, எல்லாரும் செய்வதுதானே" என்று ஒதுக்கி ஒதுக்கி வைத்திருந்தேன். இனி ஒதுக்க முடியாது என்றுதான் இதை எழுதுகிறேன். ஆட்களின் பெயரை இங்கே போடவில்லை. எழுத வேண்டிய இடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

கவரில் வந்த மூன்று லட்சம்

என் மாமா மகன் 2025 மே 6ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் எங்கள் வட்டாரத்தில் நின்றான். நல்லவன். இதை நான் உறவுக்காகச் சொல்லவில்லை. ஏ.எல். முடித்து, கொழும்பில் ஒரு புடவைக்கடையில் எட்டு வருஷம் நின்று, மாமா விழுந்தபிறகு திரும்பி வந்து, பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணக்கு சொல்லிக்கொடுத்து, யாருக்காவது ஆஸ்பத்திரி என்றால் நடுராத்திரியிலும் ஓட்டோ பிடித்துக் கொண்டுவந்து நிற்கிற ஆள். அவன் நிற்கிறான் என்றதும் எங்கள் லயத்தில் தீபாவளி மாதிரி இருந்தது. எங்கள் வரிசையிலிருந்து பிரதேச சபைக்குப் போகிற முதல் ஆள். நான் ஒரு ஹார்ட்வெயார் கடையில் கணக்கெழுதுகிறவன் என்பதால் "கணக்கை நீ பாத்துக்க மச்சான்" என்றான். சந்தோஷமாக ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்டேன்.

தேர்தல் என்றால் செலவு எங்கே போகிறது என்பது வெளியே நின்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது. நோட்டீஸ், கொடி, ஓட்டோவுக்குப் பெற்றோல், பிள்ளைகளுக்குச் சோத்துப் பார்சல், இதெல்லாம் சின்னச் செலவு. பெரிய செலவு கேட்டு வருகிறவர்களால் வரும். மரண உதவிச் சங்கத்துக்கு நாற்பது பிளாஸ்டிக் கதிரை. கோயிலுக்கு ஒரு ஸ்பீக்கர். இளைஞர் கழகத்துக்கு கிரிக்கெட் பேட்டும் பந்தும். ஒரு லயத்தில் பதினெட்டுத் தகரம். "மத்தவரு குடுக்கிறேன்னு சொல்லிட்டாரு, நீங்க என்னா சொல்றீங்க" என்று முகத்துக்கு நேரே கேட்பார்கள். ராத்திரியானால் போத்தல். வாக்காளருக்கு விருந்து வைப்பதும் பொருள் கொடுப்பதும் இலங்கைத் தேர்தல் சட்டங்களில் ஊழல் குற்றம் என்று எத்தனையோ வருஷமாக எழுதப்பட்டிருக்கிறது. எங்கள் பக்கம் அது தெரியாமல் யாரும் கேட்பதில்லை, தெரியாமல் யாரும் கொடுப்பதுமில்லை.

மச்சானின் சேமிப்பு இரண்டாவது கிழமையே முடிந்தது. அத்தையின் சங்கிலி அடகுக்குப் போனது. அந்தச் சமயத்தில்தான் ஒரு சாயந்தரம் அவர் வந்தார். எங்கள் பக்கத்தில் ரோட்டு, மதகு, கட்டிடம் என்று கொந்தராத்து எடுத்துச் செய்கிறவர். மாமாவுக்கு ஒரு பிஸ்கட் டின், அத்தைக்கு ஒரு சேலை, மச்சானுக்கு ஒரு பழுப்புக் கவர். தேத்தண்ணி குடித்து, மாமாவின் காலைப் பற்றி விசாரித்து, எழும்பும்போது சொன்னார்: "இத கணக்குல எல்லாம் எழுத வேணாம் தம்பி. இது நான் நம்ம புள்ளைக்குச் செய்றது." கவரில் மூன்று லட்சம் ரூபா. கடைசிப் பத்து நாளும் அவருடைய லொறி ஒன்றும் ட்ரைவரோடு எங்கள் வாசலில் நின்றது. அன்று ராத்திரி நான் கொப்பியில் அந்தத் தொகையை எழுதினேன், பக்கத்தில் பெயர் எழுதாமல் கோடு இழுத்து விட்டேன். எழுத வேண்டாம் என்று சொன்னது மரியாதைக்குத்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அம்மாவின் வாக்கு

2023இல்தான் இந்த நாட்டில் தேர்தல் செலவைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது, அந்த வருஷத்து 3ஆம் இலக்கச் சட்டம். அதற்கு முன்னால் பல பத்தாண்டுகளாக யார் எவ்வளவு செலவழித்தார்கள், யார் கொடுத்தார்கள் என்று கேட்க வழியே இருக்கவில்லை. 2015இல் நடந்த தேர்தலுக்காக, மத்திய வங்கிப் பிணைமுறி விவகாரத்தில் பேர் அடிபட்ட குழுமத்தின் நிறுவனம் ஒன்றிடமிருந்து 10 லட்சம் ரூபா காசோலை வாங்கியதாக, பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் 2018இல் தானே வெளியில் சொன்னார். சொன்னதால்தான் நமக்குத் தெரிந்தது. புதிய சட்டப்படி வேட்பாளர் தனக்கு வந்த நன்கொடை, கொடுத்தவர் விபரம், செய்த செலவு எல்லாவற்றையும் முடிவு வெளியாகி 21 நாளுக்குள் தேர்தல் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். பெயர் சொல்லாதவரிடம் வாங்கக் கூடாது. உச்சவரம்பும் உண்டு. 2024 ஜனாதிபதித் தேர்தலுக்கு வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபா என்று நிர்ணயித்தார்கள், ஒரு வேட்பாளருக்கு மொத்தம் 186 கோடிக்கு மேல் வந்தது. 2025 உள்ளூராட்சித் தேர்தலுக்குச் சபைக்குச் சபை வேறுபடுத்தி, தலைக்கு 74 ரூபாவிலிருந்து 160 ரூபா வரை.

அந்த எண்களை அம்மாவிடம் சொன்னபோது அவர் கொழுந்துக் கூடையின் கயிற்றைச் சரிசெய்துகொண்டிருந்தார். "நம்ம ஒரு ஓட்டுக்கு நூறு ரூவாயா?" என்று கேட்டார். விலை இல்லை அம்மா, அதற்கு மேல் செலவழிக்கக் கூடாது என்று வைத்த எல்லை என்று விளக்கினேன். தலையாட்டினார். அவர் ஒரு வாக்குக்கு என்ன கொடுத்தார் என்பது எனக்குத் தெரியும். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் தோட்டத் தொகுதிகளில் ஏழு இடம் பிடித்தது, அடுத்த வருஷமே குடியுரிமைச் சட்டம் வந்து எங்கள் ஆட்களை நாடில்லாதவர்களாக்கியது. அம்மா பிறந்தது அதற்குப் பிறகு, இதே தோட்டத்தில். எங்கள் ஆட்களை இந்தியாவும் இலங்கையும் பங்கு போட்ட ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் அவருடைய அண்ணன் இந்தியாவுக்குக் கப்பலேறினார், தங்கையான அம்மா இங்கே நின்றார். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்தபிறகுதான் அம்மாவுக்குப் பிரஜாவுரிமையும் அடையாள அட்டையும் கிடைத்தன. முதல் வாக்கைப் போடும்போது அவருக்கு ஐம்பது வயது நெருங்கிவிட்டது. கல்யாணத்துக்குக் கட்டின சேலையைக் கட்டிக்கொண்டு போனார். அப்போதிருந்து ஒரு தேர்தலையும் அவர் விட்டதில்லை.

எங்கள் பக்கத்துத் தேர்தல் பணத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒரு பெரிய நன்கொடையாளரை மறந்துவிடுகிறார்கள். அது அம்மாதான், அம்மா மாதிரி லட்சக்கணக்கான பேர். முப்பத்தைந்து வருஷம் மாசா மாசம் செக்ரோலில், அதாவது தோட்டத்துச் சம்பளப் பதிவில், சங்கத்துக்குச் சந்தா வெட்டினார்கள். எங்களிடத்தில் சங்கம்தான் கட்சி, கட்சிதான் சங்கம். தலைவர்மார் ஒருவரே, மேடையும் ஒன்றே, சந்தாப் பணம் எந்த இடத்தில் சங்கத்துச் செலவாக முடிந்து எந்த இடத்தில் தேர்தல் செலவாகத் தொடங்குகிறது என்று கொழுந்து பறிக்கிற ஒரு பெண்ணுக்குக் காட்டியவர் யாருமில்லை. அம்மா முப்பத்தைந்து வருஷம் கொடுத்தார். அவர் வீட்டுக் கூரை ஒழுகியது. கொந்தராத்துக்காரர் ஒரே ஒரு தடவை கொடுத்தார், அதே வருஷத்தில் ரோட்டு வேலை கிடைத்தது. அவர் யாரிடம் கொடுத்தார், எப்போது கொடுத்தார், எதற்குக் கொடுத்தார் என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. அம்மாவுக்கு அந்த மூன்றையும் யாரும் சொல்லவில்லை.

அப்புறம், கேட்டு வருகிறவர்களை நான் பழித்துப் பேசமாட்டேன். கதிரை கேட்டவர்களும் தகரம் கேட்டவர்களும் ஆசைக்குக் கேட்கவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. தோட்டத்துக்குள் சபை நிதியைச் செலவழிக்க அது தடையாக நின்றது. நாங்கள் வாக்குப் போட்டுச் சபையைத் தெரிவு செய்வோம், அந்தச் சபை எங்கள் லயத்துப் பாதையில் ஒரு கல் போட முடியாது. 2018இல்தான் திருத்தினார்கள். அதுவரை முப்பது வருஷம் ஒரு குழாய், ஒரு விளக்கு, ஒரு படிக்கட்டு எது வந்தாலும் யாரோ ஒரு ஐயாவின் தயவில் வந்தது. பாராளுமன்ற உறுப்பினர் வழியாக வரும் அரசாங்கத்தின் பன்முகப்படுத்தப்பட்ட நிதியில் வந்தாலும் அதில் அவருடைய படம் ஒட்டியிருக்கும், மாலை போட்டு நன்றி சொல்ல வேண்டும். அரசாங்கப் பணம் என்று ஒன்று உண்டு, அது நம்முடையது என்ற நினைப்பே எங்கள் பிள்ளைகளுக்கு வளரவில்லை. வாக்குக் கேட்டு வருகிறவனிடம் கேட்டால்தான் உண்டு, பிறகு கிடைக்காது என்று முப்பது வருஷம் பழகியவர்களை, ஒரு சட்டம் திருத்தியதும் மாறு என்றால் எப்படி மாறுவார்கள்?

மேலே போனால் அங்கேயும் இதேதான், தொகைதான் வேறு. 2024 டிசம்பரில் பாராளுமன்றத்தில் சபை முதல்வர் ஒரு பட்டியலை வைத்தார். அந்த ஒரு வருஷத்துக்குள் கொடுத்த மதுபான அனுமதிப்பத்திரங்கள் 361. மத்திய மாகாணத்துக்கு மட்டும் 45. தேர்தல் வருஷத்தில் அரசியல் ஆதரவுக்கான லஞ்சமாகக் கொடுத்தவை என்று ஆளுந்தரப்பு குற்றம் சாட்டியது. சம்பள நாளன்று எங்கள் டவுனில் அந்தக் கடைகளின் முன்னால் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த 45 என்ன என்று புரியும். மாகாண சபையோ, கேட்பதற்கே ஆள் இல்லை. மத்திய மாகாணத்துக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2013இல். அந்தச் சபையின் காலம் 2018இல் முடிந்தது. அன்றிலிருந்து ஆளுநரும் அதிகாரிகளும்தான் நடத்துகிறார்கள். எங்கள் பள்ளிக்கூடங்களில் பெரும்பாலானவை அந்த மாகாணத்துக்குக் கீழே வருகின்றன, ஒரு கட்டிட வேலை யாருக்குப் போகிறது, ஏன் போகிறது என்று எழும்பிக் கேட்க வாக்குப் பெற்ற ஒரு உறுப்பினர் அங்கே இல்லை.

அந்த ராத்திரி

மச்சான் வென்றான். பட்டாசு, மாலை, மாமாவைத் தூக்கிக்கொண்டு லயம் முழுக்கச் சுற்றினார்கள். கணக்குக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்க நெருங்க அவன் அதைப் பற்றிப் பேசவே இல்லை. கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது நானே படிவத்தை எடுத்துக்கொண்டு போனேன். மே மாதக் கடைசி, மழை தொடங்கிவிட்டது. அடுப்படியில் உட்கார்ந்தோம். அத்தை தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். செலவுப் பக்கம் சுலபமாக முடிந்தது, கொப்பியில் எல்லாம் இருந்தது. கதிரை, தகரம், போத்தல் எதையும் எழுதவில்லை, அதை எழுதினால் அதுவே குற்றம். அதுவரைக்கும்கூட நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு நன்கொடைப் பக்கம் வந்தது. நன்கொடையாளர் பெயர் என்று ஒரு கட்டம்.

"சொந்தப் பணம்னு போடு மச்சான்" என்றான்.

அவர் பேரைப் போட்டால் என்ன என்று கேட்டேன். உண்மையாகவே எனக்கு விளங்கவில்லை. நன்கொடை வாங்குவது குற்றம் இல்லை, பேரை மறைப்பதுதான் குற்றம், இந்த ஊரில் அவர் உனக்கு உதவினார் என்று எல்லாருக்கும் தெரியும், லொறி வாசலில் நின்றதே, எழுதிவிட்டால் உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி என்றேன். அவன் கோப்பையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தான். மழைச் சத்தத்தில் அவன் சொன்னது முதலில் காதில் விழவில்லை, இன்னொரு தடவை சொன்னான்.

"பேரைப் போட்டா, நாளைக்கு அவருக்கு ஒரு வேலை போறப்ப எல்லாரும் என்னயத்தானே பாப்பாங்க."

சபை அப்போது இன்னும் கூடவேயில்லை. தலைவர் யார் என்று தெரியாது. எந்த ரோட்டுக்கு எவ்வளவு ஒதுக்குவார்கள், மதிப்பீடு என்ன, விலை கோருவார்களா, ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு வேலை அவருக்குப் போகும் என்பது மட்டும் அந்த அடுப்படியில் முடிவாகியிருந்தது. அவன் அதைத் திட்டமிட்டுச் சொல்லவில்லை, தன்னையறியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது. சொன்னபிறகு என்னைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்தான். எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. கணக்கு சொல்லிக்கொடுக்கும்போது பிள்ளைகளின் கொப்பியில் ஒரு விடையைக்கூடத் தானாக எழுதிக்கொடுக்காதவன், "நீயே போட்டுப் பாரு" என்று மணிக்கணக்காகக் காத்திருக்கிறவன், மூன்று கிழமைக்குள் இப்படி ஆகியிருந்தான்.

எங்கள் பாட்டன் காலத்தில் துண்டு என்று ஒன்று இருந்ததை இங்கே பழைய ஆட்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆட்களைக் கூட்டி வந்து மேய்த்த கங்காணியிடம் வாங்கிய கடனை அந்தத் துண்டுச் சீட்டில் எழுதியிருக்கும். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்ட வேண்டும். கட்டியதும் ஆள் அவர்களுக்குச் சொந்தம். 1921இல் அதை ஒழித்தார்கள். அந்த ராத்திரி நான் படிவத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு அந்தத் துண்டுதான் ஞாபகம் வந்தது. மச்சானின் சங்கிலிக் கடனையும் கதிரைக் கடனையும் தகரக் கடனையும் ஒருவர் மொத்தமாகக் கட்டியிருந்தார். பழைய துண்டில் கடன் யாரிடம் என்று எழுத்தில் இருந்தது. இதில் அதுவும் இல்லை. யாரிடம் மாட்டியிருக்கிறான் என்பதை வாக்குப் போட்ட ஆயிரத்துச் சொச்சம் பேரும் தெரிந்துகொள்ள இருந்த ஒரே இடம் அந்தக் கட்டம்.

நான் அதில் சொந்தப் பணம் என்று எழுதினேன். நீல மைப் பேனை, என் கையெழுத்து. அவன் கீழே கையொப்பமிட்டான். ஏன் எழுதினேன் என்று அதற்குப் பிறகு எத்தனையோ தடவை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்பது ஒரு காரணம். மாமா அந்த வெற்றியால்தான் திரும்ப எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தார் என்பது இன்னொரு காரணம். இவன் போனால் வரப்போகிறவன் இன்னும் மோசமானவன் என்று ஒரு சமாதானமும் இருந்தது. அந்தச் சமாதானம் எல்லாவற்றையும்விடக் கெட்டது என்று இப்போது நினைக்கிறேன். ஒவ்வொரு ஊரிலும் ஒருவன் அடுப்படியில் உட்கார்ந்து அதே சமாதானத்தைச் சொல்லித்தான் அந்தக் கட்டத்தை நிரப்பியிருப்பான்.

ரோட்டு வேலை ஒக்டோபரில் வந்தது. காகிதத்தில் அது எங்கள் ஊர்ச் சங்கம் ஒன்றின் பெயரில் இருந்தது, வேலை செய்தது அவருடைய ஆட்கள். இப்படிச் சங்கத்தின் பெயரை வாங்கிக்கொண்டு வேறொருவர் வேலை செய்வது இங்கே புதிதில்லை, பெயர் கொடுத்ததற்குச் சங்கத்துக்கு ஒரு சிறு தொகை போகும். மூன்று நாளில் போட்டு முடித்தார்கள். சீமெந்து பேக்குகள் எங்கள் கடையிலிருந்துதான் போயின, பில் என் கையால் எழுதியது. அந்த நீளத்துக்கும் அகலத்துக்கும் நாலு அங்குலம் போட எத்தனை பேக் வேண்டும் என்று எனக்குத் தெரியும். போனது அதில் பாதிகூட இல்லை. வேறு கடையிலும் எடுத்திருப்பார் என்று அதையும் ஒதுக்கினேன். புயல் வந்து அந்த விளிம்பைத் திறந்து காட்டும்வரை ஒதுக்கினேன்.

மழைக்குப் பிறகு நான் முதலில் மச்சானிடம்தான் போனேன். அவனுக்குத் தெரியாமல் ஒன்றும் செய்யக் கூடாது என்று இருந்தது. அவன் அந்த நாட்களில் தூங்காமல் ஓடிக்கொண்டிருந்தான், மண்சரிவு அபாயத்தில் வீட்டை விட்டு வந்த குடும்பங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சமைத்துப் போட்டது அவன்தான், அதையும் நான் சொல்ல வேண்டும். ரோட்டைப் பற்றிச் சொன்னேன். "புயலுக்கு எல்லாம்தான் போச்சு" என்றான். விரலை வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஃபோர்ம்ல இருக்கிறது உன் எழுத்து மச்சான்" என்றான். மிரட்டுகிற மாதிரி சொல்லவில்லை. எனக்காகப் பயந்துதான் சொன்னான். ஆமாம் என்றேன்.

இரண்டு வேலை செய்தேன். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், ஆர்.டி.ஐ. 01 படிவத்தில், அந்த ரோட்டின் மதிப்பீடு, அளவெடுத்த தாள், பணம் கொடுத்த பற்றுச்சீட்டு மூன்றின் பிரதியையும் கேட்டு சபையின் தகவல் அலுவலரிடம் கொடுத்தேன். வாங்கியதற்குச் சீட்டுத் தந்தார்கள். வேலை நாள் பதினான்குக்குள் முடிவைச் சொல்ல வேண்டும். இரண்டாவது, தேர்தல் அலுவலகத்துக்கு ஒரு கடிதம். நான் எழுதிய கட்டத்தில் எழுதியது பொய், அந்த இடத்தில் இருந்திருக்க வேண்டிய பெயர் இது, தொகை இது, லொறி இத்தனை நாள் நின்றது என்று, எனக்கு என்ன வந்தாலும் சரி என்று என் அடையாள அட்டை இலக்கத்தையும் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பினேன். சீ.ஆர். கொப்பியின் அந்தப் பக்கத்தின் பிரதியையும் வைத்தேன்.

அம்மாவிடம் சொன்னது கடைசியில். அவர் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அவனுக்கு சீட்டு போயிருமா?" என்று மட்டும் கேட்டார். போகலாம் என்றேன். "அவன் அம்மா சங்கிலி இன்னும் அடகுலதான் இருக்கு" என்றார்.

இந்தத் தைப்பொங்கலுக்கு அத்தை வீட்டிலிருந்து பொங்கல் வரவில்லை. ஒவ்வொரு வருஷமும் முதலில் வருவது அங்கிருந்துதான். பத்து மணி வரை பார்த்துவிட்டு, அம்மா எங்கள் பானையிலிருந்து ஒரு தூக்குச்சட்டியில் எடுத்து, இரண்டு கரும்புத் துண்டையும் வைத்து என் கையில் கொடுத்து, "கொண்டுபோய்க் குடுத்துட்டு வா" என்றார். கோயில் வளைவில் உடைந்த இடத்தின் குறுக்கே இரண்டு சிலிப்பர் கட்டையைப் போட்டு வைத்திருந்தார்கள், பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கடந்துகொண்டிருந்தார்கள். அத்தை வாசலில் கோலத்துக்குப் பக்கத்தில் நின்றார். தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டார். உள்ளே வா என்று கூப்பிடவில்லை. நான் திரும்பி நடந்து கட்டையை அடைந்தபோது பின்னால் யாரோ ஓடி வருகிற சத்தம் கேட்டது. மச்சானின் சின்ன மகள், கழுவின தூக்குச்சட்டியோடு. வெறும் சட்டியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று உள்ளே ஒரு கைப்பிடி சீனி போட்டிருந்தார் அத்தை.